வறட்சி, வீட்டுக் கடன், தொகுதி உறுப்பினர்: 2009இல் மெர்செட்டில் நாங்கள் பட்டதும் கற்றதும்

பாதாம்தோப்பு | 4 மார்ச் 2017

சென்ற மாதம் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் பாதை அரித்துப்போய், 1,80,000க்கும் அதிகமான மக்களை அவசரமாக வெளியேற்றிய செய்தியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஐந்து வருட வறட்சிக்குப் பிறகு கலிபோர்னியாவில் கொட்டிய மழை அது. இங்கே மெர்செட்டில் கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அதைப் பார்க்கப் போனபோது, அதே கால்வாய்க் கரையில் 2009இல் என் மனைவியும் நானும் நின்று "வீடு போனால் எங்கே போவது" என்று பேசியது ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2005இல் வீடு வாங்கினோம். அந்த வருடம்தான் மெர்செட்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புது வளாகம் திறந்தது. ஊர் எங்கும் புது மனை, புது வீடு. விலை இன்னும் ஏறும் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். எங்கள் கடனில் வட்டி முதல் சில வருடங்கள் குறைவாக இருந்து பிறகு மாறும். அந்த "பிறகு" வந்தபோது ஊரில் வீட்டு விலை உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. விற்றாலும் கடன் தீராது.

இத்தனைக்கும் மேலே வறட்சி. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் மேற்குப் பக்க விவசாயிகளுக்கு விதையும் உரமும் விற்கும் கம்பெனியில் நான் கணக்கு பார்த்தேன். 2009இல் இங்குள்ள சாக்ரமெண்டோ ஆற்று டெல்டாவுக்குத் தெற்கே இருக்கும் பாசனக்காரர்களுக்கு மத்திய அரசின் கால்வாய்த் திட்டத்திலிருந்து தண்ணீரே கிடையாது என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு ஒப்பந்த அளவில் 10 சதவீதம் தந்தார்கள். நிலம் தரிசானால் விதை யார் வாங்குவார்? எனக்கு வேலை வாரத்தில் மூன்று நாள் ஆனது, சம்பளமும் அதற்கேற்பக் குறைந்தது. வீட்டுக் கடன் நெருக்கடியையும் வறட்சியையும் பத்திரிகைகள் தனித்தனிச் செய்திகளாக எழுதின. எங்கள் சமையலறை மேசையில் இரண்டும் ஒரே கவரில்தான் வந்தன.

அந்த வருடம் பிப்ரவரியில் ஒபாமா அரசு வீட்டுக் கடன் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஹாம்ப் என்பார்கள். மாதத் தவணையைக் குடும்ப வருமானத்தில் 31 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும், மூன்று மாதம் சோதனைத் தவணை ஒழுங்காகக் கட்டினால் நிரந்தரமாக்க வேண்டும். விண்ணப்பித்தோம். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் அனுப்பினோம். "வரவில்லை" என்றார்கள். மறுபடி அனுப்பினோம். "பழசாகிவிட்டது" என்றார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வேறொருவர் பேசுவார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு வழியாகச் சோதனைத் தவணை கிடைத்து மூன்றையும் கட்டி முடித்தோம். அடுத்த வாரம் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீதிமன்ற வாசலில் இன்ன தேதி, இத்தனை மணி.

மனைவியோடு வேலை செய்த ஒரு மெக்ஸிகோ அம்மாதான் "காங்கிரஸ் உறுப்பினர் ஆபீசுக்குப் போனீர்களா?" என்று கேட்டார். காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம். அன்று எங்கள் தொகுதிக்கு உறுப்பினர் டென்னிஸ் கார்டோசா. மெர்செட்டிலேயே அவர் அலுவலகம் இருந்தது. எனக்குத் தயக்கம். அப்போது எனக்கு கிரீன் கார்டுகூட வரவில்லை, ஓட்டுப் போட முடியாதவன் எப்படிப் போய்க் கேட்பது? வரவேற்பில் இருந்த பெண் கேட்ட ஒரே கேள்வி, "எந்தத் தெருவில் இருக்கிறீர்கள்?" தொகுதியில் வசித்தால் போதும்.

உறுப்பினரை நான் பார்க்கவே இல்லை. தொகுதி மக்களின் குறைகளைக் கவனிக்கும் கேஸ்வொர்க்கர் என்ற பதவியில் இருந்த ஓர் அம்மாதான் எல்லாம் செய்தார். என் விவரங்களை அவர்கள் கேட்டுப் பெறுவதற்கு முதலில் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. அது இல்லாமல் வங்கி அவர்களிடம் வாயே திறக்காதாம். பிறகு, "நடந்ததைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள்" என்றார். நாற்பது பக்கம் அவரே ஃபேக்ஸ் செய்தார். நாலாவது நாள் வங்கியிலிருந்து எங்களுக்குப் போன். அதுவரை பேசிய பிரிவிலிருந்து இல்லை, மேலிடத்திலிருந்து. சோதனைத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரின் வீட்டை ஏலம் விடக் கூடாது என்று திட்ட விதியிலேயே இருந்திருக்கிறது. அதை எடுத்துக்காட்டி ஒரு கடிதம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏலம் தள்ளிப்போனது. 2010 தொடக்கத்தில் கடன் திருத்தம் நிரந்தரமானது: வட்டி 2 சதவீதம், காலம் 40 வருடம். அசலில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து வட்டி மெல்ல ஏறவும் செய்தது. ஆனால் வீடு இருக்கிறது. இதை அந்த வீட்டிலிருந்துதான் தட்டச்சு செய்கிறேன்.

கல்லணைக்காரன் | 4 மார்ச் 2017

அண்ணா, படித்து முடித்ததும் கை நடுங்கியது. எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் சம்பா போட்டு, இந்த வருடம் கதிரே வரவில்லை. ஆற்றிலும் தண்ணீர் இல்லை, வானத்திலும் இல்லை. ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்த மாவட்டமாக அரசு அறிவித்தது. அதே மாதம் வங்கியிலிருந்து 60 நாளில் முழுத் தொகையையும் கட்டச் சொல்லி நோட்டீஸ். 2013இல் வீடு கட்ட வாங்கிய கடன். அப்பா அதைப் பீரோவில் வைத்துவிட்டு எங்களிடம் சொல்லவில்லை, போன வாரம்தான் தெரிந்தது. எம்.எல்.ஏ.விடம் போனால் ஏதாவது நடக்குமா? ஊரில் கேட்டால் "அவர் என்ன வங்கி மேனேஜரா" என்கிறார்கள்.

ஸ்டாக்டன் செல்வி | 5 மார்ச் 2017

பாதாம்தோப்பு சார், உங்களுக்கு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் இதை மட்டும் படிப்பவர்கள் "ஆபீசுக்குப் போனால் வீடு தப்பிக்கும்" என்று நினைத்துவிடக் கூடாது. 2008 முதல் 2011 வரை ஸ்டாக்டனில் வீட்டுக் கடன் ஆலோசனை முகாம்களில் தன்னார்வலராக இருந்தேன். நாட்டிலேயே ஃபோர்க்ளோஷர், அதாவது கடன் கட்டாத வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடுவது, அதிகம் நடந்த ஊர்களில் ஸ்டாக்டன், மொடெஸ்டோ, மெர்செட் மூன்றும் எப்போதும் முன்வரிசையில். உறுப்பினர் முகாமுக்கு வருவார், பேசுவார், கை கொடுப்பார், போவார். வாசலில் வரிசை பார்க்கிங் தாண்டி நிற்கும். அதில் பாதிப் பேருக்கு ஏல தேதி ஒரு வாரத்துக்குள் இருக்கும். அந்தக் கட்டத்தில் யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

கலிபோர்னியாவில் வீட்டை எடுக்க வங்கி நீதிமன்றத்துக்கே போக வேண்டியதில்லை. தவணை தவறினால் முதல் நோட்டீஸ் பதிவாகும், மூன்று மாதம் காத்திருப்பார்கள், பிறகு ஏல நோட்டீஸ், அதன்பின் மூன்றே வாரம். நீதிபதி முன்னால் நின்று அழ ஒரு வாய்ப்புகூட இல்லை. முதல் நோட்டீஸ் வந்த அன்றே வந்தவர்களில் கணிசமானவர்கள் தப்பித்தார்கள். கடைசி வாரம் வந்தவர்களுக்குத் தேதியைத் தள்ளிப்போட முயற்சி செய்வோம், சிலருக்கு அது கிடைத்தது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வாடகைக்கு இருந்தவர்கள். வாடகையை மாதாமாதம் சரியாகக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்காரர் கடன் கட்டவில்லை என்பது இவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் பூட்டு மாற்ற ஆள் வந்து நிற்பான். 2009 மே மாதம் மத்தியச் சட்டம் வந்து வாடகைதாரருக்கு 90 நாள் அவகாசம் கிடைத்தது. அதற்கு முன்னால் போனவர்கள் போனவர்கள்தான்.

அப்புறம் மோசடிக்காரர்கள். "நாங்கள் வங்கியிடம் பேசுகிறோம், 3,000 டாலர் முன்பணம்" என்று ஸ்பானிஷிலும் பஞ்சாபியிலும் விளம்பரம். தமிழ்க் குடும்பம் ஒன்றும் ஏமாந்தது எனக்குத் தெரியும். 2009 அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் இப்படி முன்பணம் வாங்குவதையே தடை செய்தது. முகாமில் இருந்த எங்களுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. ஒரு பிரசங்கத்தைவிட அந்த ஒரு சட்டம் அதிகம் பேரைக் காப்பாற்றியது.

பாதாம்தோப்பு | 5 மார்ச் 2017

செல்வி மேடம், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு நேரம் கூடிவந்தது, கையில் ரசீதும் இருந்தது. ஹாம்ப் 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு என்று அறிவித்த திட்டம். போன டிசம்பரில் மூடியபோது அந்த எண்ணிக்கையில் பாதி அளவுக்குத்தான் வந்திருந்தது. கார்டோசாவுக்கே அந்தக் கோபம் இருந்தது. அரசுப் பொறுப்பில் இருக்கும் வீட்டுக் கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் கையில் இருக்கும் கடன்களை, வீட்டு விலை கடனைவிடக் குறைந்திருந்தாலும், குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள விடவேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 2011இல் இனி போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தபோது, வீட்டுக் கடன் நெருக்கடியில் தன் கட்சி அரசே சரியாகச் செயல்படவில்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

பாலாறு | 5 மார்ச் 2017

அதோடு அவர் 2012 ஆகஸ்டில், பதவிக் காலம் முடியும் முன்பே, ராஜினாமா செய்துவிட்டு ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கடி முடியாத தொகுதி. பல மாதம் அங்கே உறுப்பினர் இல்லை. நான் அப்போது அதே தொகுதியில் அட்வாட்டரில் இருந்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. டெல்டா ஸ்மெல்ட் என்ற சின்ன மீனைக் காப்பாற்ற 2007இல் ஃப்ரெஸ்னோ நீதிபதி வாங்கர், டெல்டாவிலிருந்து தெற்கே தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குக் கட்டுப்பாடு போட்டார். அதன்பிறகு பள்ளத்தாக்கு அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை "மீனா, மனிதனா" என்றுதான் பேசினார்கள். தண்ணீர் குறைந்ததில் பெரும்பங்கு மழையும் பனியும் பொய்த்ததால். அதைச் சொன்னால் கை தட்டு கிடைக்காது.

துலாரே மருந்துக்கடை | 6 மார்ச் 2017

பாலாறு, மேடைப் பேச்சு உண்மைதான். ஆனால் எல்லாம் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 2009இல் மென்டோட்டா பார்த்திருக்கிறேன். உலகத்தின் முலாம்பழத் தலைநகர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர். வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்குப் போனது. தர்பூசணியும் தக்காளியும் பறித்த கைகள் உணவுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றன. அந்த ஏப்ரலில் மென்டோட்டாவிலிருந்து சான் லூயிஸ் நீர்த்தேக்கம் வரை நாலு நாள் நடைப்பயணம் போனார்கள். ஜூனில் உள்துறை அமைச்சர் சலசாரை (இங்கே மத்திய அரசின் நீர்த் திட்டங்கள் அவர் துறையில்தான்) ஃப்ரெஸ்னோவுக்கு வரவைத்து விவசாயிகள் முன்னால் நிற்க வைத்ததில் இன்னொரு காங்கிரஸ் உறுப்பினரான ஜிம் கோஸ்டாவுக்கும் பங்கு உண்டு. அவரும் கார்டோசாவும் சேர்ந்து, தண்ணீர் உள்ள பாசனக்காரர் இல்லாதவருக்கு விற்பதற்கான அனுமதியை எளிதாக்கும் மசோதாவும் கொண்டுவந்தார்கள். மழையை யாராலும் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது. இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் சட்டமன்றத்துக்கு வேலை.

நான் சொல்ல வந்தது அடுத்த வறட்சியைப் பற்றி. 2014இல் கிழக்கு போர்ட்டர்வில்லில் வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. என் கடைக்கு வரும் ஒரு பாட்டி, மாத்திரை விழுங்க வீட்டில் தண்ணீர் இல்லை என்று கடையிலேயே விழுங்கிவிட்டுப் போவார். பக்கத்து நகரம் வரை குழாய் இருக்கிறது. ஆனால் இவர்கள் நகர எல்லைக்கு வெளியே. குழாயில் தண்ணீர் வராத வீட்டை எவன் வாங்குவான்? கடன் பாக்கி அப்படியே நிற்கும், வீட்டின் மதிப்பு மட்டும் போய்விடும். ஏல நோட்டீஸே வராமல் வீடு போவது இதுதான்.

கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், 2,500 கேலன் தொட்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தது, லாரியில் தண்ணீர் வந்தது. சிலர் தொட்டிக்கு விண்ணப்பிக்கவே பயந்தார்கள். குடியிருக்கத் தகுதியில்லாத வீடு என்று குழந்தைகளைப் பிரித்துவிடுவார்களோ என்று பயம். கூட வந்து, வீட்டுக்காரரிடம் பேசி, படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள்தான் அந்தப் பயத்தை எடுத்தார்கள். அது பெரும்பாலும் தொண்டர்கள். சட்டமன்றத்தின் பங்கு 2015இல் வந்தது: தண்ணீர் இல்லாத குடியிருப்பைப் பக்கத்து ஊர்க் குழாயோடு இணைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மாநில நீர் வாரியத்துக்குக் கொடுத்த சட்டம். இப்போது ஒவ்வொரு வீடாகப் போர்ட்டர்வில் நகரக் குழாயில் சேர்க்கிறார்கள். அந்தப் பாட்டி வீட்டில் போன மாதம் குழாய் வந்தது. கடையில் வந்து அழுதார்.

ஸ்டாக்டன் செல்வி | 6 மார்ச் 2017

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பாதாம்தோப்பு சாருக்கு நடந்தது, அதாவது ஒரு கையில் கடன் திருத்தம் பேசிக்கொண்டு மறு கையில் ஏலத் தேதி குறிப்பது, எங்கள் முகாமில் நாள்தோறும் வந்த புகார். ஒவ்வோர் ஆபீசும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அதே புகார் ஆயிரக்கணக்கில் குவிந்த பிறகுதான் 2012இல் கலிபோர்னியா சட்டமன்றம் வீட்டு உரிமையாளர் உரிமைச் சட்டம் போட்டது. அப்போது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக (அட்டர்னி ஜெனரல்) இருந்த கமலா ஹாரிஸ் முன்னின்று கொண்டுவந்தது. 2013 ஜனவரி 1 முதல் அந்த இரட்டை வேலை சட்டவிரோதம். வங்கி ஒரே ஒரு தொடர்பாளரைக் காட்ட வேண்டும், மாற்றி மாற்றிப் பேச முடியாது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஒருவர் வீடு தப்பிக்கவில்லை என்றாலும் புகாரைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள். பதிவில் இல்லாத கஷ்டத்துக்குச் சட்டம் வராது.

பழைய மேலாளர் | 7 மார்ச் 2017

தம்பி கல்லணைக்காரன், உங்கள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் 31 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். நோட்டீஸில் "சர்ஃபேசி சட்டம் 13(2)" என்று இருக்கிறதா பாருங்கள். இருக்கும். அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க வழிவிடும் சட்டம் அது. அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கொடுத்தால் 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. அடுத்து 13(4)இல் சுவாதீனம் எடுக்க வந்தால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம் போகலாம். சிவில் கோர்ட்டுக்குப் போய் நாளைக் கழிக்காதீர்கள், இந்த விஷயத்தை அங்கே எடுக்க மாட்டார்கள். அப்பாவின் மூன்று ஏக்கரை இந்தச் சட்டத்தில் தொட முடியாது, விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

இப்போது எம்.எல்.ஏ. அவர் தொகுதி நிதியிலிருந்து உங்கள் கடனைக் கட்ட முடியாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவரால் முடிந்தது வேறு. வறட்சி அறிவித்த மாவட்டத்தில், 33 சதவீதமோ அதற்கு மேலோ மகசூல் போனவர்களின் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருக்கிறது. கிளை மேலாளர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதத்தோடு கலெக்டரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அங்கே உட்கார்ந்திருப்பார், எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனுக்கு அந்த வழிகாட்டுதல் தானாக வராது. ஆனால் அப்பாவுக்குப் பயிர்க்கடனும் இருந்து அது தள்ளிப்போனால் கையில் நிற்கும் பணத்தைக் காட்டி, வீட்டுக் கடன் தவணையை மாற்றித் தரும்படி அதே மனுவில் கேளுங்கள். நான் மேலாளராக இருந்தபோது, மனுவில் ஒரு தொகையும் ஒரு தேதியும் எழுதி வந்தவர்களுக்குத்தான் மேலிடத்தில் வாதாட எனக்கு வழி இருந்தது.

ஜனவரியில் எந்தத் தேதி நோட்டீஸ் கையில் கிடைத்தது? அதை முதலில் சொல்லுங்கள்.

கல்லணைக்காரன் | 7 மார்ச் 2017

ஐயா, ஜனவரி 19. கவரில் தபால் முத்திரை இருக்கிறது, அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

பழைய மேலாளர் | 7 மார்ச் 2017

அப்படியானால் மார்ச் 20 வரை இருக்கிறது என்று எண்ண வேண்டாம், 15ஆம் தேதிக்குள் ஆட்சேபம் பதிவுத் தபாலில் போய்விட வேண்டும். ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கிளையிலும் ஒரு நகல் கொடுத்து சீல் வாங்குங்கள்.

பாதாம்தோப்பு | 8 மார்ச் 2017

தம்பி, ஐயா சொன்னதோடு எங்கள் கேஸ்வொர்க்கர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம், தேதி வாரியாக: எப்போது கடன், எத்தனை தவணை கட்டினீர்கள், எப்போது நின்றது, ஏன் நின்றது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கையில் கொடுக்கும்போது அதுதான் மேலே இருக்க வேண்டும்.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். நானும் முதல் இரண்டு நோட்டீஸை மனைவிக்குத் தெரியாமல் காரில் வைத்திருந்தேன்.

கல்லணைக்காரன் | 11 மார்ச் 2017

ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவோடு உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதினோம். 38 தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார், எனக்கே தெரியாது. எழுதி முடித்ததும் முதல் தடவையாகக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எம்.எல்.ஏ. ஊரில் இல்லை, உதவியாளர் மனுவை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (சாகுபடிப் பதிவு) வாங்கப் போகிறேன். ஆட்சேபக் கடிதத்தை இன்று இரவு தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன், பெயரையும் கணக்கு எண்ணையும் எடுத்துவிட்டு. ஐயா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய மேலாளர் | 11 மார்ச் 2017

போடுங்கள் தம்பி, விழித்திருக்கிறேன். அடங்கலில் இந்த வருட சாகுபடி சம்பா என்று பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.